ரிப்பேர் ஆன டேபிளை நம்பலாமா?

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசின் பண்டல் கணக்கு, வாரக்கூலி, முன்பணம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தாராளமாகப் போதும். கோப்பின் உச்சவரம்பு 2 ஜிபி. வெறும் எண்களாக ஏறும் கூலிப் பட்டியல் அதை நெருங்கவே பல வருஷம் ஆகும். குறை அளவில் இல்லை. சம்பளம் போடும் நாளில் கோப்பைத் திறந்தால் டேபிள் பழுது என்று பிழைச் செய்தி வருகிறது. உடனே கை போவது ‘கம்ப்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ பட்டனுக்கு. அந்தப் பட்டன் பெரும்பாலும் கோப்பைத் திறந்து கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் கணக்குக்கு அது ஜாமீன் நிற்காது.

பழுது வரும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். அக்சஸ் கோப்புக்குத் தனி சர்வர் கிடையாது. நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே நேராக எழுதுகிறது, 4 கேபி பக்கம் பக்கமாக. எழுதும் நேரத்தில் கரண்ட் போனாலோ வைஃபை அறுந்தாலோ வேலை பாதியில் நிற்கும். ரிப்பேர் செய்வதென்றால், படிக்க முடிந்த வரிகளைப் புதுக் கோப்புக்கு மாற்றி இன்டெக்ஸை மறுபடி கட்டுவது. படிக்க முடியாத வரி அதோடு போயிற்று. ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ பத்தியில் ஒரே எண் இரண்டு இடத்தில் வந்து கெட்டிருந்தால் அந்தக் கீயையே திரும்பக் கட்ட முடியாது. அப்புறம் ஒரே பில் நம்பரில் இரண்டு பில் ஏறினாலும் தடுக்க எதுவும் இல்லை. தன்னால் சரிசெய்ய முடியாததை ‘எம்சிஸ்காம்பாக்ட்எரர்ஸ்’ என்ற டேபிளில் அக்சஸ் எழுதிவைக்கிறது, அது நல்ல ஏற்பாடு. அதைப் படிக்காமல் அடுத்த பில் போடக்கூடாது. நீளமான குறிப்புப் பத்தியில் வரும் பழுது வேறு மாதிரி. குறிப்பு தனிப் பக்கத்தில் கிடக்கும், வரியில் அதன் முகவரி மட்டும் இருக்கும். 411-ஆம் வரியில் முகவரி கெட்டால் டேபிள் முழுவதும் போனது போலத் தோன்றும். உண்மையில் 410 வரையிலும் 412 முதலும் அப்பெண்ட் குவெரி போட்டுப் புது டேபிளுக்குக் கொண்டுபோனால் இழப்பு ஒரே வரிதான்.

யுபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். கம்ப்யூட்டருக்கு இருக்கும், ரவுட்டரும் ஸ்விட்சும் அதில் மாட்டியிருக்கிறதா? கரண்ட் போன நொடியில் அவை அணைந்தால் கோப்புக்கு அதே கதிதான். வரிகளின் எண்ணிக்கை பழைய நகலோடு பொருந்தினால் போதாதா என்றும் கேட்கலாம். போதாது. 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. ஒரு வரி தொலைந்து, அதன் இடத்தில் பழைய விலையில் ஒரு வரி இரட்டித்திருந்தால் எண்ணிக்கை பொருந்தும், தொகை பொருந்தாது. அதனால் மாதவாரியாகப் பண்டலையும் ரூபாயையும் தனித்தனியே கூட்டி, காகித பில் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். முன்பண வரி ஒன்று காணாமல் போனால் நஷ்டம் முதலாளிக்கு. கூலி வரி போனால் குச்சி அடைத்த பெண்ணுக்கு. அவர் கையில் இன்னொரு நகல் இல்லை என்பதால் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்க யாருக்கும் உரிமை இல்லை.

அக்சஸையே தூக்கிப் போட்டுவிடலாமே என்பது வலுவான வாதம். ஆனால் பழகிய படிவங்களை விட வேண்டியதில்லை. டேபிள்களை மட்டும் இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றி, அக்சஸிலிருந்து இணைத்துக்கொள்ளலாம். அங்கே மாற்றம் முதலில் லாக் என்ற பதிவுக் கோப்பில் ஏறுகிறது. பாதியில் நின்ற வேலையை, கரண்ட் வந்து சர்வர் எழுந்ததும் அதுவே ரத்து செய்துவிடும். அதை நிறுவவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும், அந்தச் செலவு உண்மைதான்.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே கணக்குப்பிள்ளை என்றால் அக்சஸ் போதும். இரண்டாவது மெஷின் வந்த அன்றே டேபிள்களை சர்வருக்கு மாற்றுங்கள். அதுவரை, பிழைச் செய்தி வந்தால் எல்லோரையும் கோப்பிலிருந்து வெளியேறச் சொல்லி, கெட்ட கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, ரிப்பேரை இன்னொரு நகலில் மட்டும் ஓட்டுங்கள்.