முடியின் துயரமும் மக்களின் துயரமும்: 'த கிறவுன்' தொலைக்காட்சி நாடகம் பற்றிய சில சிந்தனைகள்

அரசரைப் பாடுதல் இலக்கியத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. பாடாண்டிணைப் பாடல்கள் முதலாகச் சோழர்கால மெய்க்கீர்த்திகள் ஈறாக, வேந்தனின் கொடையும் கொற்றமுமே பாடுபொருளாய் அமைந்தன. நிலமானிய சமுதாயம் மறைந்து, முதலாளித்துவம் முதிர்ந்துவிட்ட நாடொன்றில் அதே பணியை ஒரு கலைவடிவம் எவ்வாறு ஆற்றவியலும் என்பது சுவையான வினா. 2016 நவம்பர் தொடக்கம் 2023 டிசம்பர் வரை, ஆறு பருவங்களாக, அறுபது அத்தியாயங்களில் நெற்பிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'த கிறவுன்' என்னும் நாடகத்தொடர் அவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைகின்றது எனலாம். கொற்றத்தைப் பாடவியலாத காலத்தில், வேந்தரின் மனத்துயரத்தைப் பாடுவதே அவ்விடை.

தொடரை ஆக்கியவர் பீற்றர் மோர்கன். 2006இல் வெளிவந்த 'த குயீன்' திரைப்படத்தையும், 2013இல் மேடையேறிய 'த ஓடியன்ஸ்' நாடகத்தையும் எழுதியவர் அவரே. இரண்டாம் எலிசபெத்தின் 1947ஆம் ஆண்டுத் திருமணத்தில் தொடங்கி 2005ஆம் ஆண்டு வரை தொடர் நகர்கின்றது. கிளெயர் ஃபோய், ஒலிவியா கோல்மன், இமெல்டா ஸ்ரோன்ரன் ஆகிய மூவரும் இரு பருவங்களுக்கு ஒருவராக அரசியின் பாத்திரத்தை ஏற்றனர். நடிப்பிலும் காட்சியமைப்பிலும் உரையாடலின் செறிவிலும் இது உயர்தரமான ஆக்கம் என்பதில் ஐயமில்லை. தரங்குறைந்த படைப்பாயின் அதனைப் புறக்கணித்துவிடலாம். கலைத்திறன் மிக்கதாயிருப்பதனாலேயே அதன் கருத்துநிலையை நாம் நுணுகி நோக்குதல் அவசியமாகின்றது.

இத்தொடர் குறித்துப் பிரித்தானியாவில் எழுந்த விவாதம் பெரும்பாலும் உண்மை, பொய் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 2020இல் அந்நாட்டின் பண்பாட்டமைச்சராயிருந்த ஒலிவர் டவ்டன், இது புனைவு என்ற அறிவித்தல் இடம்பெற வேண்டுமெனக் கோரினார். 2022இல் நடிகை ஜூடி டென்ச்சும் அவ்வாறே வற்புறுத்தினார். முடியாட்சிப் பற்றாளர் தொடரை அவதூறு என்றனர்; முற்போக்காளர் சிலரோ அரண்மனையின் போலித்தனத்தை அது அம்பலப்படுத்துவதாகக் கருதி மகிழ்ந்தனர். இவ்விரு சாராரும் ஒரே தளத்தில் நின்றே வாதிடுகின்றனர் என்பது எமது கருத்து. எந்தச் சம்பவம் நிகழ்ந்தது, எது நிகழவில்லை என்பதைக் காட்டிலும், எந்த முரண்பாடு நாடகத்தின் மையமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதே முதன்மையான வினாவாகும்.

தொடரின் மைய முரண்பாடு, முடி என்ற நிறுவனத்துக்கும் அதனை அணிந்த தனிமனிதருக்கும் இடையிலானது. எலிசபெத், மார்கிரட், பிலிப், சார்ள்ஸ், டயானா ஆகிய ஒவ்வொருவரும் கடமைக்காகத் தம் இயல்பான விருப்பங்களைப் பலியிடுபவராகவோ, பலியிட மறுத்து அழிபவராகவோ காட்டப்படுகின்றனர். இம்முரண்பாடு உண்மையானதே. ஆயின் அது மையமாக்கப்படும்போது, முடிக்கும் மக்களுக்கும் இடையிலான முரண்பாடு பின்னணிக்குத் தள்ளப்படுகின்றது. அரசமைப்பின் மாண்புசார் கூறுகளையும் செயல்சார் கூறுகளையும் வேறுபடுத்தி 1867இல் எழுதிய வால்ற்றர் பஜெற்றின் கோட்பாட்டை, இளம் எலிசபெத் பயிலும் காட்சி முதற்பருவத்திலே வருகின்றது. மறைபொருளாய் இருத்தலே முடியாட்சியின் பலம் எனக் கருதியவர் பஜெற். திரையை விலக்கிக் காட்டியும் அப்பலத்தைப் பேணலாம் என்பதை இத்தொடர் மெய்ப்பித்துள்ளது. குறைபாடுடைய மனிதராகக் காட்டப்படும் அரசி வெறுக்கப்படுவதில்லை, இரங்கப்படுகின்றார்.

மூன்றாம் பருவத்தின் 'அபவான்' அத்தியாயம் இதற்குத் தக்க சான்றாகும். 1966 ஒக்டோபர் 21இல் வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமமொன்றில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 144 பேர் மாண்டனர். அவருள் 116 பேர் சிறுவர். அரசி எட்டு நாட்கள் கழித்தே அங்கு சென்றார். நிலக்கரிச் சபைமீது மக்கள் கொண்ட சினத்தை அத்தியாயம் மறைக்கவில்லை. எனினும் அதன் நாடகப் பதற்றம் முழுவதும், அரசியால் அழ முடிகின்றதா என்ற ஒரே வினாவில் குவிகின்றது. ஈற்றில் அவரது கண்ணீரே விடையாகின்றது. மெய்யான வரலாறோ கண்ணீரோடு முடியவில்லை. 1967இல் வெளிவந்த விசாரணை அறிக்கை தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பு எனத் தீர்த்தது. ஆயினும் எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. எஞ்சிய மேடுகளை அகற்றுவதற்கென, பாதிக்கப்பட்டோருக்காகப் பொதுமக்கள் வழங்கிய நிதியிலிருந்தே 150,000 பவுண் பெறப்பட்டது. அத்தொகை 1997இலேதான் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தேசியமயமாக்கப்பட்ட நிறுவனமொன்று, தொழிற்கட்சி ஆட்சியின்கீழ், தொழிலாளர் பிள்ளைகளின் உயிருக்கு இவ்வாறு விலை மதித்தமை முற்போக்காளரும் மறத்தற்கரியது. இவ்வளவு கனமான நாடகப்பொருள், அரசியொருவரின் உணர்ச்சிக் குறைபாடாகச் சுருங்கிவிடுகின்றது.

நான்காம் பருவத்தில், 1982 ஜூலையில் அரசியின் படுக்கையறைக்குள் நுழைந்த மைக்கல் ஃபேகனின் கதை கூறப்படுகின்றது. வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்த ஆண்டு அது. தட்சர் ஆட்சியின் கொடுமையை ஃபேகன் அரசியிடம் முறையிடுவதாக மோர்கன் புனைந்துள்ளார். தொடரின் நேர்மையான பகுதிகளுள் ஒன்று இது. ஆயினும் தொழிலாளி ஒருவன் தன் குரலைக் கேட்பிக்கச் சாளரத்தின் வழியே அரண்மனையுள் ஏறிக் குதிக்க வேண்டியிருப்பது நாடகத்தின் எல்லையையே உணர்த்துகின்றது. வாயிற்காவலனைத் தாண்டி அவைக்களம் புகுந்த கண்ணகி, இரக்கத்தை வேண்டாது, சிலம்பைச் சான்றாகக் காட்டி நீதியைக் கோரினாள். அவ்வழக்கில் அரசன் தோற்றான். ஃபேகனோ ஆராய்ச்சி மணியை அடித்த குடிமகனாகவே எஞ்சுகின்றான். கனிவோடு செவிமடுத்ததாலேயே அரசி நல்லவராகிவிடுகின்றார்.

பொருளியல் விடயங்களும் இவ்வாறே உளவியலாக மாற்றப்படுகின்றன. ஐந்தாம் பருவத்தில் 'பிரித்தானியா' என்னும் அரச கப்பலைப் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்ற பிரச்சினை எழுகின்றது. மக்களின் வரிப்பணம் பற்றிய அவ்வினா, முதுமையடையும் அரசியின் குறியீடாகக் கப்பலை ஆக்கியவுடன் மழுங்கிவிடுகின்றது. அரசி வருமானவரி செலுத்தத் தொடங்கியது 1993இலேதான். அவரது ஆட்சிக்காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சட்டமூலங்கள் 'அரசியின் இசைவு' என்ற நடைமுறையின்கீழ் அரண்மனையின் பார்வைக்குச் சென்றதை 2021இல் 'கார்டியன்' பத்திரிகை வெளிக்கொணர்ந்தது. வெறும் மாண்புசார் உறுப்பு எனப்பட்டது செயல்சார் உறுப்பாகவும் இயங்கியிருக்கின்றது. அரசி அரசியலில் ஏதுஞ் செய்ய இயலாதவர் என்ற சோகத்தின்மீது எழுந்த நாடகத்தின் அடித்தளத்தையே இத்தகவல் அசைக்கின்றது.

பேரரசைச் சித்திரிக்குமிடத்தும் இதே நிலைமைதான். 1952 பெப்ரவரியில் இளவரசி அரசியான களமாக மட்டுமே கென்யா காட்சிதருகின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கு அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது; அதன்கீழ் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். சித்திரவதைக்குள்ளான 5,228 பேருக்கு நட்டஈடு வழங்க 2013இலேதான் பிரித்தானிய அரசு உடன்பட்டது. 1961இன் கானாப் பயணம் பற்றிய அத்தியாயத்திலோ, நிக்குருமாவுடன் அரசி ஆடிய நடனமே ஒரு நாட்டின் போக்கைத் தீர்மானிப்பதாகின்றது. வோல்ற்றா அணைக்கான நிதியும் வல்லரசுகளின் போட்டியும் நடனத்தின் நிழலில் மங்கிவிடுகின்றன.

இக்கதை எமக்குப் புறத்தார் கதையன்று. 1953 ஜூனில் எலிசபெத் எடுத்த முடிசூட்டுச் சத்தியத்தில் இலங்கையின் பெயரும் இடம்பெற்றிருந்தது. அடுத்த ஓகஸ்ட் 12இல் அரிசி விலையுயர்வை எதிர்த்து ஹர்த்தால் வெடித்தது. 1954 ஏப்ரிலில் அவர் இங்கு வந்தார். அச்சுற்றுப்பயணத்தைச் சொல்லும் முதற்பருவ அத்தியாயத்தின் குவிமையம் அவுஸ்திரேலியாவில் அரசத் தம்பதியரிடையே எழும் பிணக்கேயாகும். 1972 மே 22இல் குடியரசாகும்வரை இந்நாட்டின் முடியும் அவரதே. அம்முடியின் பெயரால் இயங்கிய கோமறைக் கழகமே 1953இல், கோடக்கன்பிள்ளை வழக்கில், மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்கள் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது. முடி தனிமனிதர்மீது சுமத்திய பாரத்தை அறுபது அத்தியாயங்களில் நாம் காண்கின்றோம். தேயிலைத் தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோர்மீது அது சுமத்திய பாரத்துக்கு இந்நாடகத்தின் மொழியில் சொல்லில்லை.

இவ்வாறு கூறுவதனால் தொடரில் முற்போக்கான கூறுகள் அறவேயில்லை என்பது எமது வாதமன்று. அரச உறவினரான போவ்ஸ்-லயன் சகோதரிகள் இருவர் 1941 முதல் மனநல நிலையமொன்றில் ஒதுக்கப்பட்டதையும், உயிரோடிருக்கும்போதே பிரபுக்கள் வரலாற்றேட்டில் இறந்தவராகப் பதியப்பட்டதையும் நான்காம் பருவம் துணிந்து காட்டுகின்றது. பரம்பரைத் தத்துவத்தின் கொடுமை அங்கே கணநேரம் வெளிப்படுகின்றது. ஆனால் அறுபதாவது அத்தியாயத்தில், அரசி பதவி துறந்து மகனுக்கு இடமளிப்பதா என்றே நாடகம் வினவுகின்றது. முடியை எவர் அணிவது என்பதே அதன் இறுதி வினா. முடி வேண்டுமா என்பது எழுப்பப்படவே இல்லை.

யதார்த்தவாதம் என்பது தளபாடங்களின் துல்லியமோ முகபாவங்களின் நுட்பமோ அன்று. சமூக உறவுகளின் உண்மையைப் புலப்படுத்துவதே அது. தொடரைத் தடைசெய்யக் கோருவோருடனோ, ஊர்வம்பாய் இரசிப்போருடனோ நாம் நிற்கவேண்டியதில்லை. கண்ணீர் யாருடையது என்பதோடு அமையாது, கழிவுமேடு யாருடையது என்றும் கேட்கும் திறனாய்வே இன்றைய தேவையாகும்.