பட்டத்துக் காளையும் பொலிகுதிரை விளம்பரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆஸ்திரேலியக் காலனிப் பத்திரிகைகளில், அங்கே வசந்தம் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாத இதழ்களைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்தது போன்ற விளம்பரங்கள் பத்தி பத்தியாக வரும். மேலே ஒரு குதிரைப் படம். கீழே அதன் பெயர், நிறம், உயரம். பிறகு தகப்பன், தகப்பனின் தகப்பன், தாய், தாயின் தகப்பன் என்று நீளும் வம்சாவளி. எந்தக் கண்காட்சியில் பரிசு வாங்கியது, ஒரு பெட்டைக்குக் கட்டணம் எத்தனை கினி, குதிரைக்காரனுக்குத் தனியாக எவ்வளவு, பெட்டையை விட்டுவைத்தால் மேய்ச்சலுக்கு வாரத்துக்கு எவ்வளவு என்ற விவரங்களும் உண்டு. கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம், ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்க மாட்டோம். பந்தயத்துக்கான தரோபிரெட்டும், ஏரும் வண்டியும் இழுக்கும் கிளைடெஸ்டேலும் ஒரே பக்கத்தில் இடம்பிடித்தன. பாரக் குதிரையை ஊர் ஊராக நடத்திப் போவதும் வழக்கம். எந்தக் கிழமை எந்த விடுதியில் நிற்கும் என்பதும் விளம்பரத்திலேயே வந்துவிடும்.

இந்த விளம்பரங்களுக்கு முதுகெலும்பாக இருந்தது ஒரு புத்தகம். 1791-இல் லண்டனில் ஜேம்ஸ் வெதர்பி வெளியிட்ட தரோபிரெட் வம்சாவளிப் பதிவேடு அது. இன்றுள்ள எந்தத் தரோபிரெட் குதிரையின் தந்தைவழியைப் பிடித்துக்கொண்டு போனாலும் டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன், பையர்லி டர்க் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றில்தான் போய் முடியும். ஆஸ்திரேலியாவுக்கென்று தனிப் பதிவேட்டை யூயில் என்பவர் 1878-இல் கொண்டுவந்தார். விளம்பரத்தில் வரும் தகப்பன் பெயர் மெய்யா பொய்யா என்று பார்க்க ஒரு பதிவேடு இருக்கிறது என்பதால்தான் அந்தப் பெயருக்கு விலை வந்தது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில், குறிப்பாகத் தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம், பொலிக்கு விடும் ஆணைத் தேர்ந்தெடுத்தது யார்? அதன் தகுதிக்கு யார் சாட்சி சொன்னார்கள்? இந்தக் கேள்வியோடு பழைய கெஜட்டியர்களையும் கால்நடை நூல்களையும் படித்தால், குதிரையில் தொடங்கி மாட்டில் வந்து நிற்போம்.

குதிரை தமிழ் மண்ணில் பெருகவில்லை. பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, உயர்ந்த குதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் இங்கே கால் கோணிய சின்னக் குட்டிதான் பிறக்கிறது என்கிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவர்களையும் வணிகர்கள் வரவிடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் செத்தாலும் பணம் உண்டு என்ற ஒப்பந்தத்தைக் குறிப்பிடுகிறார். இங்கே குதிரை கடல் வழியாக வந்த சரக்கு. வளர்ப்பவன் பெட்டையோடு தேடிப்போகும் ஆணாக அது ஆகவில்லை.

கம்பெனி ஆட்சியிலும் பொலிகுதிரை அரசாங்கத்தின் கையில்தான் இருந்தது. பீகாரின் பூசாவில் கம்பெனி ஒரு குதிரைப் பண்ணை வைத்திருந்தது. 1808-இல் அதன் பொறுப்புக்கு வந்த கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராஃப்ட், நல்ல குதிரை தேடி லடாக், காபூல் வழியாகப் புகாரா வரை போனார். 1825-இல் திரும்பும் வழியில் இறந்தார். (குதிரை நின்ற அந்தப் பூசாவில்தான் பின்னால் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. நம் மளிகைக் கடைப் பூசா பாஸ்மதியின் பெயருக்குப் பின்னால் ஒரு லாயம் இருக்கிறது.) தெற்கே ஓசூருக்கு அருகே மத்திகிரியில் 1824-இல் ராணுவத்துக்காகத் தொடங்கிய பண்ணை இன்று கால்நடைப் பண்ணையாக நீடிக்கிறது. கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அதைத் தொடர்ந்தார். அங்கே இப்போது மேய்வது காட்டுத்தனமாகத் திரியும் மட்டக் குதிரைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆஸ்திரேலியாவின் வேலர் குதிரைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கத் தொடங்கியதும், இங்கேயே வளர்க்க வேண்டிய அவசியமும் குறைந்துபோனது.

கம்பம் பள்ளத்தாக்கில் பாரம் இழுத்தது மாடு. பொதிமாடும் வண்டிமாடும்தான் கூடலூர், குமுளி வழியாக மலை ஏறின. ஆகவே பொலிகுதிரைக்கு நிகராக இங்கே பார்க்க வேண்டியது பொலிகாளையை.

தென்னிந்திய மாடுகளைப் பற்றிய காலனி கால எழுத்து அவ்வளவு பெரிதல்ல. ஜான் ஷார்ட் என்ற மருத்துவரின் கையேடு ஒன்று. கால்நடைத் துறையிலிருந்த கன் 1909-இல் எழுதிய அறிக்கை ஒன்று. 1936-இல் வெளிவந்த லிட்டில்வுட்டின் நூல் இன்னொன்று. மூன்றுமே மாட்டைக் கொம்பு, திமில், நிறம், குளம்பு என்று பெரும்பாலும் உடம்பாகப் பார்ப்பவை. அந்தப் பார்வை கூர்மையானதுதான். ஆனால் காளை எப்படிக் காளையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை அறிய வேறு அலமாரிக்குப் போகவேண்டியிருக்கிறது. ஃபிரான்சிஸ் எழுதிய 1906-ஆம் ஆண்டு மதுரை கெஜட்டியரும், 1909-இல் வந்த தர்ஸ்டனின் சாதிகள், குடிகள் பற்றிய தொகுதிகளும் மாட்டு நூல்களே அல்ல. இருந்தும் இந்தத் துறையின் மிகச் செழிப்பான பக்கங்கள் அவற்றில்தான் கிடக்கின்றன.

அந்தப் பக்கங்கள் பேசுவது கம்பத்துத் தம்பிரான் மாடுகளைப் பற்றி. கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தின் கோயில் மந்தை அது. இந்த மாடுகளை ஏரில் பூட்டுவதில்லை. பசுக்களில் பால் கறப்பதில்லை. மந்தைக்கு ஒரு பட்டத்துக் காளை உண்டு. அது இறந்தால் மரியாதையோடு அடக்கம் செய்வார்கள். அடுத்த பட்டத்துக்கு நாள் குறித்து, மந்தை முழுவதையும் கோயில் முன்னால் கூட்டிப் பூசை போட்டு, கரும்புக் கட்டு ஒன்றை வைப்பார்கள். எந்தக் காளை தானாக வந்து அந்தக் கரும்பில் வாய் வைக்கிறதோ, அதற்குத்தான் பட்டம். மஞ்சள் பூசி மாலை போட்டுவிடுவார்கள். இந்த மந்தை நிற்கும் நந்தகோபாலன் கோயில் மாட்டுத்தொழு இன்றும் கம்பத்தில் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று சுற்றுப்பட்டு ஊர் முழுக்க அங்கே திரளும்.

கினியும் வம்சாவளியும் போட்டு விளம்பரம் எழுதிய ஆள் இந்தக் கரும்புச் சடங்கைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார். என் பார்வையில் சிரிக்க ஒன்றுமில்லை. வெளியாளுக்கு விற்காத மந்தையில் நிற்கிற காளைகளில் பெரும்பாலானவை முன்னாள் பட்டத்துக் காளைகளின் வழிவந்தவைதான். தகப்பன் பெயரைத் தனியாக எழுதவேண்டிய தேவையே அங்கே எழவில்லை. மந்தைதான் பதிவேடு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து கரும்பைத் தின்னும் காளைக்குத் துணிவும் பசியும் ஆரோக்கியமும் இருக்கும் என்பதும் ஒரு கணக்குதான். பக்தர்கள் நேர்ந்துவிடும் கன்றுகளால் புது ரத்தமும் வந்து சேர்ந்தது. குறையில்லாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. மந்தையின் தரத்தை அளந்து பார்க்க அதில் வழியில்லை. கறக்காத மாட்டின் பாலை எப்படி அளப்பது?

விளம்பரம் என்பது முன்பின் தெரியாதவனுக்கு எழுதப்படுவது. கோயில் காளைக்கு அப்படிப்பட்ட வாடிக்கையாளன் கிடையாது. ஊர் மாடுகளுக்கெல்லாம் அது பொது. கட்டணமும் இல்லை, குதிரைக்காரன் பங்கும் இல்லை, பொறுப்புத் துறப்பும் இல்லை.

கொங்கு நாட்டில் நிலைமை இதற்கு நடுவில் இருந்தது. பழையகோட்டைப் பட்டக்காரரான நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் குடும்பம் காங்கேயம் மாட்டைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்தது. கிளுவை வேலி அடைத்த கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்த மந்தை அது. செவலையாகப் பிறக்கும் கன்று சில மாதங்களில் வெளுத்துச் சாம்பலாகும். பெருநிலக்காரர், தேர்வு, பெயர், தேடி வரும் வாடிக்கையாளர் என்று ஐரோப்பியப் பண்ணைக்குரிய எல்லாமே இங்கும் இருந்தன. ஆனால் மாட்டின் தகப்பன் பெயரைவிடப் பட்டக்காரர் பெயர்தான் அதற்கு முத்திரை.

அரசாங்கத்துக்கு இந்த இரண்டு வழியும் போதவில்லை. லின்லித்கோ தலைமையில் 1926 முதல் 1928 வரை விசாரித்த வேளாண்மை ராயல் கமிஷன், கண்ட கண்ட காளையும் ஊரில் திரிவதுதான் மாடு நலிவதற்குக் காரணங்களில் ஒன்று என்று கண்டது. அதே லின்லித்கோ 1936-இல் வைஸ்ராயாக வந்து, பணம் படைத்தவர்கள் ஊருக்குப் பொலிகாளை தானம் செய்யவேண்டும் என்று பிரசாரம் செய்தார். கோயிலுக்குக் காளை விடும் நாட்டுக்கு வைஸ்ராய் வந்து காளை விடச் சொன்னது ஒரு வேடிக்கை. 1940-இல் சென்னைக் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பொலிகாளைக்கு உரிமம் வேண்டும். தகுதியில்லை என்று அதிகாரி சொன்னால் காயடிக்க வேண்டும். சாட்சி சொல்லும் உரிமை ஊரிடமிருந்து அதிகாரிக்குப் போனது.

இதற்கிடையில் சென்னை மாகாணத்து மாடு ஒன்று பதிவேட்டு உலகத்துக்குள் கொடிகட்டிப் பறந்தது. அது போன இடம் பிரேசில். ஒங்கோல் மாட்டை அங்கே நெல்லூர்ப் பெயரில் நெலோர் என்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் கப்பலேறிய காளைகளில் ஒன்று கர்வாடி. ஒங்கோல் பக்கத்துக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் காளை இன்று பிரேசில் ஏலப் பட்டியல்களில் மூதாதையாக அச்சேறுகிறது. நம் ஊரில் மந்தையோடு மந்தையாக நின்றது, கடல் தாண்டியதும் கொடிவழிக்குத் தலைவனாகிவிட்டது.

தேனிப் பக்கம் இன்று பொலிகாளையைத் தேடிப் பசுவை ஓட்டிப்போகிறவர்கள் குறைவு. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போட்டுவிடுகிறார்கள். திரவ நைட்ரஜனில், உறைநிலைக்குக் கீழே 196 டிகிரியில் கிடக்கும் மெல்லிய குழலின் மேல் காளையின் எண், இனம், நிலையத்தின் பெயர் அச்சடித்திருக்கும். அந்தப் பழைய விளம்பரம் சுருங்கிச் சுருங்கி ஒரே வரியாகிவிட்டது. பசுக்காரர் அதைப் படிப்பதில்லை. ஜெர்சியா, நாட்டு மாடா என்று கேட்பதோடு சரி.

ஆனால் காளையின் புகழைப் பரப்பும் வேலை நின்றுவிடவில்லை. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் வாடிவாசல் திறக்கும்போது ஒலிபெருக்கி முழங்குவது ஊரின் பெயரையும் மாட்டுக்காரர் பெயரையும். தகப்பன் காளையின் பெயர் அதில் வராது. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரித்து ஓட்டும் வண்டிப் பந்தயத்திலும் அப்படியே. சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன் பார்ப்பது பல்லும் சுழியும் நடையும்தான். உடம்பும் ஊரும் ஆளுமே இங்கே சாட்சி. பிடித்துப்போன காளையைப் பொலிக்குக் கேட்டு வருகிறவர்களும் இந்த மூன்றையும் நம்பித்தான் வருகிறார்கள்.

2019-இல் தமிழக அரசு கொண்டுவந்த மாட்டின இனப்பெருக்கச் சட்டம் 1940-இன் நெடியோடு வந்தது. பொலிகாளைக்குப் பதிவு, சான்று, மறுத்தால் நடவடிக்கை. ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்து இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்ததால் நாட்டு மாட்டுக்காரர்கள் பதறினார்கள். பொலி மூலம் பரவும் நோய்களைத் தடுக்கப் பதிவு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மலைக்காடுகளில் மேய்ந்து கிடையில் கூட்டமாக நிற்கும் மலைமாட்டுக் காளைக்கு அந்தச் சான்றை எந்த அடிப்படையில் கொடுப்பது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மலைமாட்டுக்காரர்களுக்கு அதைவிட முன்னதாக ஒரு நெருக்கடி இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலிருந்தே அவர்கள் மலை சுருங்கி வருகிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 2022 மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குக் குறைத்தது. மற்ற மாவட்டங்களுக்கு அது நிம்மதி. மேகமலையிலும் வருசநாட்டிலும் கிடை போட்டவர்களுக்கு அதில் பெரிய லாபமில்லை. கால்நடைத் துறை காளைக்குச் சான்று பேசிக்கொண்டிருக்க, அவர்கள் மனுவோடு அலைவது வேறொரு காகிதத்துக்காக: வனத்துறையின் மேய்ச்சல் அனுமதிச் சீட்டு.