பூவுக்குப் பின்னால் இருக்கும் தெரு

இரண்டு வருடங்களுக்கு முன் விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவிகளுக்குப் புகைப்படப் போட்டி வைத்தார்கள். தலைப்பு ‘என் ஊர்’. ஒருவர் பன்னிரண்டு படங்கள் வரை கொடுக்கலாம், கைபேசியில் எடுத்தாலும் போதும். மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. கோயில் கோபுரம், நாற்று நடும் பெண்கள், சுருட்டுப் பிடிக்கும் தாத்தா, மாட்டுவண்டி என்று வந்து குவிந்த படங்களுக்கு நடுவே ஒரு மாணவி பன்னிரண்டு பூக்களைக் கொடுத்திருந்தாள். எல்லாம் ரோஸ் கலர் பூக்கள். மல்லிகை இல்லை, தாமரை இல்லை. சாக்கடை ஓரத்து நித்தியகல்யாணி, காம்பவுண்டுச் சுவரில் படர்ந்த கொடிரோஸ், நெடுஞ்சாலை நடுவில் வைத்த அரளி, ஏரிக்கரைக் காட்டாமணக்கு, தொட்டாற்சுருங்கி, வீட்டுத் தொட்டியில் டேபிள் ரோஸ்.

முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்டேன். மதிப்பெண் தாளில் எழுதியது நினைவிருக்கிறது: “காலண்டர் படங்கள். பின்னணியில் கவனம் இல்லை.” இந்த இரண்டு குற்றச்சாட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது அன்று எனக்கு உறைக்கவில்லை. காலண்டர் படத்தில் பின்னணி என்று ஒன்றே இருக்காது. பூவும் கொஞ்சம் பச்சை மங்கலும்தான் இருக்கும். இவளுடைய படங்களிலோ பூவுக்குப் பின்னால் டீக்கடை பெஞ்சு, பெஞ்சில் கால் மேல் கால் போட்ட ஆண்கள், பைக் டயர், பிளக்ஸ் பேனரின் கிழிந்த மூலை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதைத்தான் நான் கவனமின்மை என்று எழுதியிருந்தேன்.

பரிசளிப்பு முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் வந்தாள். “மேடம், என்னோடது ஏன் எடுக்கல?” என்று நேராகக் கேட்டாள். பூவை மட்டும் தனியாகக் காட்டியிருக்கலாம், பின்னால் இவ்வளவு கசகசப்பு வேண்டாமே என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “டீக்கடைய எடுத்தா எதுக்கு எடுக்கறன்னு கேப்பாங்க மேடம். பூவ எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

பேருந்தில் திரும்பும்போது அந்தப் பன்னிரண்டு படங்களையும் என் கைபேசியில் மறுபடி பார்த்தேன். அதற்கப்புறமும் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் படங்களைப் பற்றியது. எழுத அவள் சம்மதித்தாள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

முதல் படம் நித்தியகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து இதிலிருந்துதான் கிடைக்கிறது. நம் ஊரில் இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் உண்டு, அதனாலேயே யாரும் தலையில் வைப்பதில்லை. அவள் தரையோடு தரையாகக் குனிந்து எடுத்திருக்கிறாள். ஐந்து இதழ்களுக்கு மேலே, பூவைவிடப் பெரிதாக, ஆண்களின் செருப்புக் கால்கள். முகம் எதுவும் படத்தில் இல்லை. தெருவில் ஒரு இளம்பெண் தலை குனிந்து நடக்கும்போது அவள் கண்ணில் படுவது இவ்வளவுதான். நான் கவனமில்லை என்று எழுதிய படம் இதுதான்.

தொட்டாற்சுருங்கிப் படம் இன்னொரு விதம். ரோஸ் நிறத்தில் பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு பூக்கள். அவற்றைச் சுற்றி இலைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. இந்தச் செடியைத் தொட்டால் இலைதான் மடங்கும், பூ மடங்காது. அப்படியென்றால் படம் எடுப்பதற்கு ஒரு கணம் முன்பு யாரோ தொட்டிருக்கிறார்கள். எடுத்தவள் கையாகத்தான் இருக்க வேண்டும். எடுத்தவளின் தொடுகை படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கோபப்பட்டால், அழுதால், ‘ஏன் இப்படிப் பேசுறீங்க’ என்று கேட்டால் நம்மைக் கூப்பிடும் பெயரும் இதுதானே, தொட்டாச்சிணுங்கி! தாவரவியல் வைத்த பெயரும் வேறல்ல. மிமோசா புடிகா என்பதில் புடிகா என்றால் நாணமுள்ளது. செடிக்கு நாணமும் கிடையாது, சிணுங்கலும் கிடையாது. இலைக்காம்பின் அடியிலுள்ள செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது, இலை மடங்குகிறது, சில நிமிடங்களில் திரும்ப விரிகிறது. மோனிகா காக்லியானோவும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் செடித் தொட்டிகளைத் திரும்பத் திரும்பச் சிறிது உயரத்திலிருந்து விழவிட்டார்கள். இதனால் ஆபத்தில்லை என்றானதும் செடிகள் இலையை மூடுவதை நிறுத்திக்கொண்டன. அதைக் கற்றல் என்று அழைக்கலாமா என்று விஞ்ஞானிகளுக்குள் சண்டை இருக்கிறது. சிணுங்கல் என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

டேபிள் ரோஸ் படத்தில் கீழ் ஓரத்தில் எடுத்தவரின் நிழல் விழுந்திருக்கிறது. அந்த நிழல் புடவை கட்டியிருந்தது. கேட்டேன். “அது அம்மா எடுத்தது மேடம். நான் ஏழரைக்கே பஸ் ஏறிடுவேன். பூ பத்து மணிக்குத்தான் விரியும்.” போட்டி விதிப்படி பார்த்தால் இதற்காகவே தள்ளியிருக்கலாம். மற்ற இரண்டு நடுவர்களிடமும் நான் இதைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பூவைப் படமெடுப்பது பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒரு இளக்காரம் புகைப்பட உலகில் உண்டு. வாட்ஸப்பில் வரும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாவை வைத்துக் கேலி செய்யாதவர்கள் குறைவு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் இமோஜன் கன்னிங்ஹாம் என்ற பெயரை எந்தப் புகைப்பட வகுப்பிலும் மரியாதையோடுதான் சொல்வார்கள். 1925 வாக்கில் அவர் எடுத்த மக்னோலியா மலரை நானே பலமுறை திரையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். பூவின் நடுப்பகுதி சட்டகம் முழுக்க நிறைந்திருக்கும், வேறெதுவும் இருக்காது. கன்னிங்ஹாமுக்கு 1915இல் ஒரு மகன், 1917இல் இரட்டைப் பிள்ளைகள். மூன்று சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு வெளியே போய்த் தொழில் செய்ய முடியாத காலத்தில்தான் அவர் கேமராவை வீட்டுத் தோட்டத்துச் செடிகள் பக்கம் திருப்பினார். பூவின் வடிவம், வரி, ஒளி என்று ஒரு மணி நேரம் பேசும் நான், அந்த மூன்று பையன்களும் சட்டகத்துக்கு எந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று ஒருமுறைகூட மாணவிகளைக் கேட்டதில்லை. அந்தப் படத்தின் அழகைக் குறைத்துச் சொல்லவில்லை. அதில் தோட்டம் இல்லை, கொடியில் துணி இல்லை, பிள்ளைகள் இல்லை. அந்த இல்லாமையைத்தான் கலை என்று நமக்குக் கற்பித்தார்கள். இன்று கைபேசியில் ‘போர்ட்ரெய்ட்’ என்று ஒரு பொத்தானைத் தொட்டால் அது தானாகவே பூவை வைத்துக்கொண்டு தெருவை அழித்துவிடுகிறது. அவளுடைய கைபேசி பழையது, அந்தப் பொத்தான் கிடையாது. இருந்திருந்தால் பயன்படுத்தியிருப்பாளா என்று கேட்டேன். “எதுக்கு?” என்றாள்.

எங்கே போனாய் என்ற கேள்விக்குப் பூவைக் காட்டுவது புதிதல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் தொண்ணூற்றொன்பது பூக்களை நாம் மனப்பாடப் பட்டியலாகவே அறிவோம். சங்கப் புலவரின் இயற்கை அறிவுக்குச் சான்று என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்று பழைய குறிப்பும் உண்டு. யார் அந்தப் பட்டியலைச் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தோழி செவிலியிடம் சொல்கிறாள். மகளின் காதல் வெளியே வரப்போகும் நேரத்தில், தினைப்புனம் காக்கப் போன நாங்கள் அன்றைக்கு என்ன செய்தோம் என்று கணக்குக் கொடுக்கிறாள். அருவியில் ஆடினோம், இந்தப் பூவைப் பறித்தோம், அந்தப் பூவைப் பறித்தோம், பாறையில் குவித்தோம், அப்புறம் அவன் வந்தான். தொண்ணூற்றொன்பது பூவும் அவன் வருவதற்கு முன்னால் வருகின்றன. இலக்கண ஆசிரியர்கள் இதை அறத்தொடு நிற்றல் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் பன்னிரண்டு படங்களும் இதே பேச்சாகத்தான் கேட்கின்றன. காதலன் மட்டும் இல்லை. அவன் இடத்தில் ஊர் இருக்கிறது.

இந்தப் பூக்களில் எதையும் அவள் தலையில் வைக்க மாட்டாள் என்பதையும் பார்க்க வேண்டும். நமக்கும் பூவுக்கும் ஊர் அனுமதித்த உறவு சூடுவது. அதையும் புருஷன் போனால் பறித்துக்கொள்வார்கள். என் பெரியம்மா முப்பது வயதுக்குப் பிறகு பூ வைக்கவே இல்லை. ஆனால் பெயின்ட் டப்பாவிலும் உடைந்த பக்கெட்டிலும் அவர் வளர்த்த செடிகளில் பூக்காத நாள் கிடையாது. யாருக்காக வளர்க்கிறார் என்று வீட்டில் கேட்பார்கள். பார்க்கத்தான் என்பார். தலையில் வைத்த பூ வைத்தவள் கண்ணுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். படமெடுப்பதற்குக் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். பெரியம்மா கையில் ஒரு கேமரா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய செடிகளில் ஒன்றின் படம்கூட எங்களிடம் இல்லை.

ரோஸ் நிறத்தைப் பற்றியும் கேட்டேன். பெண் பிள்ளைக்கு ரோஸ், ஆண் பிள்ளைக்கு நீலம் என்பது அமெரிக்கக் கடைகள் இருபதாம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய வழக்கம். அதற்கு முன் அங்கேயே அது தலைகீழாகவும் இருந்ததென ஜோ பாலெட்டி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த வழக்கத்துக்கு எதிராக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்ன காரணம் வேறு: “பஸ்ஸும் அந்தக் கலர்தானே மேடம்.” சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது 2021 மே மாதம். அடுத்த வருடம் அந்தப் பேருந்துகளின் முகத்துக்கு ரோஸ் பெயின்ட் அடித்தார்கள். ஓசி டிக்கெட் என்ற கேலியும் கூடவே வந்தது. அவள் முதல் நான்கு படங்களும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எடுத்தவை. மீதியில் பெரும்பாலானவை பேருந்து நிற்கும் இடங்களில், அல்லது பேருந்துக்குள்ளிருந்து எடுத்தவை. கொடிரோஸ் படத்தில் கொத்துக்கொத்தான பூவுக்குப் பக்கத்திலேயே பேருந்தின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. எது பூ எது பேருந்து என்று ஒரு நொடி குழம்புகிறது. அரளிப் படம் ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து எடுத்தது, கலங்கிப் போயிருக்கிறது. ஆடு மாடு மேயாது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர்வண்டியின் முகப்பு விளக்கைத் தடுக்கும் என்பதால்தான் நாற்கரச் சாலையின் நடுவில் அரளியை வைக்கிறார்கள். அந்தத் திட்டில் இறங்கி நின்று படமெடுக்க யாராலும் முடியாது, அதை ஓட்டத்தில்தான் எடுக்க முடியும். கலங்கல் அந்தப் படத்தின் குறை என்று நான் இப்போது நினைக்கவில்லை. அது எவ்வளவு தூரம் போனாள் என்பதன் அளவு.

ஆனால் பன்னிரண்டும் நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன். கொடிரோஸையே மூன்று படங்களில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள், ஒன்று போதும். பூ ஒரு அனுமதிச் சீட்டு என்றால், அந்தச் சீட்டு இல்லாமல் டீக்கடையை எடுக்கும் நாள் எப்போது என்ற கேள்வியும் எனக்கு உண்டு. கேட்டதற்குச் சிரித்தாள். ஏரிக்கரையில் எடுத்த நெய்வேலிக் காட்டாமணக்கு உண்மையிலேயே மோசம். உச்சி வெயிலில் எடுத்திருக்கிறாள். ரோஸ் நிறம் கைபேசிக்குச் சிரமமான நிறம். நேர் வெயிலில் சிவப்பு மட்டும் உச்சத்துக்குப் போய்விடும், இதழின் வரியும் மடிப்பும் காணாமல் போய் ஒரே சாயமாக நிற்கும். இதை எல்லா வகுப்பிலும் சொல்வேன், சொல்லிவிட்டு ஒரே வைத்தியத்தையும் சொல்வேன். அவளிடமும் சொன்னேன். காலையில் ஆறு, ஆறரைக்குப் போ, வெளிச்சம் மெத்தென்று இருக்கும், நிறம் நிற்கும்.

“அந்த நேரத்துல ஏரிக்கரைப் பக்கம் நாங்க போக மாட்டோம் மேடம். ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்க.”

சாயங்காலம்?

“ஆறு மணிக்கு மேல வெளிய விட மாட்டாங்க.”

விடியலும் அந்தியும்தான் படமெடுக்க ஏற்ற நேரம் என்று நான் படித்த கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. இருபது வருடமாக நானும் அதையே ஒப்பித்திருக்கிறேன். எழுதியவர்கள் எந்நேரமும் எந்த ஏரிக்கரைக்கும் போகக்கூடியவர்கள். எனக்கு வேறு யோசனை உடனே வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கு எழுதினேன்: பன்னிரண்டு மணிக்கே போ, தனியாகப் போகாதே. கூட வருகிறவளிடம் துப்பட்டாவை விரித்துப் பூவுக்கு மேலே பிடிக்கச் சொல். திரையில் பூவைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறை.

மறு வாரம் படம் வந்தது. காட்டாமணக்கின் குழல், உள்ளே போகப்போக அடர்ந்துவரும் நிறம், இதழில் நுணுக்கமாக ஓடும் வரிகள் எல்லாம் தெரிகின்றன. பின்னால் நடுப்பகல் ஏரி, தண்ணீர் வெள்ளையாகப் பளபளக்கிறது. மேல் மூலையில் துப்பட்டாவின் ஓரமும் அதைப் பிடித்திருக்கும் நாலு விரலும் வந்துவிட்டன. வெட்டிடவா என்று கேட்டிருந்தாள். வெட்ட வேண்டாம் என்று எழுதினேன்.