நூலின் கீழ்முனை

ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகள் சூழ்ந்த ஸ்காப்பா ஃப்ளோ என்னும் உள்கடலில், படகின் மேல்தட்டில் நிற்பவர்கள் ஒரு காட்சிக்காகக் காத்திருப்பார்கள். நீரைப் பிளந்துகொண்டு, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஆரஞ்சு நிறக் குழல் ஒன்று துள்ளி எழும். ஒரு கணம் சாயும். பிறகு நிமிர்ந்து நிற்கும். கீழே முக்குளித்தவர்கள் ஏறி வரத் தயாராகிவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். டைவர்கள் எஸ்.எம்.பி. என்று அழைக்கும் இந்த அடையாள மிதவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் துள்ளலைத்தான் பேசுகிறார்கள். ஆனால் இக்கலையை ரசிக்க வேண்டிய இடம் நூலின் கீழ்முனை. அங்கே, 20 மீட்டர் ஆழத்தில், நூலைப் பிடித்திருப்பவர் அசையாமல் இருக்கிறார். ஒன்றை மேலே அனுப்பிவிட்டுத் தான் இருந்த இடத்திலேயே இருப்பது சொல்வதற்கு எளிது. கடல் அதை அவ்வளவு எளிதாக அனுமதிப்பதில்லை. அந்த அசைவின்மையைக் கொண்டுதான் இந்தக் கலையை மதிப்பிட வேண்டும்.

மனிதர் கடலுக்குள் இறங்கி உழைத்த காலத்தின் பெரும்பகுதியில் இப்படியொரு மிதவைக்குத் தேவை இருக்கவில்லை, கயிறு இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர் கல் கட்டிய கயிற்றோடு இறங்கினார். படகில் இருந்தவர் கயிற்றின் அசைவறிந்து அவரை இழுத்து ஏற்றினார். பிற்காலத்தில் செம்புத் தலைக்கவசம் அணிந்து இறங்கியவருக்கும் மேலிருந்து காற்றுக்குழாயும் கயிறும் கூடவே போயின. 1943-இல் ஜாக் குஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய அக்வா-லங் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. காற்றைத் தன் முதுகிலேயே சுமந்த மனிதருக்கு மீனைப் போலத் திரியும் விடுதலை கிடைத்தது. கூடவே, தன் ஆள் எங்கே என்று படகில் இருப்பவருக்குத் தெரியாத நிலையும் வந்தது. 2008 ஜூனில் இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் நீரோட்டம் அடித்துச் சென்ற ஐந்து ஐரோப்பியர், இரண்டு நாள் கழித்து ரின்ச்சா தீவில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மேலே வந்து மிதக்கும் மனிதரின் தலை மட்டுமே வெளியே தெரியும். அதை மறைக்க ஒரு மீட்டர் அலை போதும். மிதவை அந்தப் பழைய கயிற்றை மீட்டுத் தருகிறது, திசையை மட்டும் மாற்றி. இப்போது கயிறு கீழிருந்து ஏறுகிறது. எப்போது, எந்த ஆழத்திலிருந்து, எவ்வளவு காற்றோடு என்பதையெல்லாம் கீழே இருப்பவரே முடிவு செய்ய வேண்டும். முடிவு அவருடையது என்பதால்தான் இதில் தேர்ச்சிக்கும் ரசனைக்கும் இடம் உண்டாகிறது.

ஸ்காப்பா ஃப்ளோவில் அந்த முடிவைப் பார்க்கலாம். 1919 ஜூன் 21 அன்று, அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த 74 ஜெர்மன் போர்க்கப்பல்களையும் மூழ்கடிக்கும்படி அவற்றின் தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டர் ஆணையிட்டார், 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பின்னாளில் தூக்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். எஞ்சிய ஏழு பெரிய கப்பல்களில் ஒன்று கோல்ன் என்னும் க்ரூசர். ஏறக்குறைய 35 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. மேற்பக்க விலா சுமார் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கப்பலின் நீளம் 150 மீட்டருக்கும் மேல். சுற்றிப் பார்த்தபின், இறங்கிவந்த கயிற்றைப் பச்சை மங்கலில் தேடி அலைவது காற்றையும் நேரத்தையும் தின்னும். எனவே விலாவின் மேலிருந்தே மிதவையை விடலாம். அங்கே அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. 4 லிட்டர் காற்றை ஊதினால் மேலே போகும்போது 12 லிட்டராகிச் சிறிய மிதவை ஒன்றை நிறைத்துவிடும். அதையே 6 மீட்டருக்கு வந்தபின் விட்டால் ஏழரை லிட்டர் ஊத வேண்டும். ஆழத்தில் கொஞ்சம் காற்று போதும், ஆனால் நூல் நீளமாக ஓட வேண்டும். ஓடும் தூரம் கூடக் கூடச் சிக்கும் வாய்ப்பும் கூடும். மேலே வந்தால் நூல் சுருங்கும், ஆனால் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே காற்றின் கனஅளவு ஆழத்தில் மாறுவதைவிட வேகமாக மாறுவதால் உடலை நிலைநிறுத்துவது கடினமாகும். தேர்ந்தவர் இந்த இரண்டையும் அன்றைய நீரோட்டத்தோடும் சிலிண்டரில் மீதமிருக்கும் காற்றோடும் எடை போட்டுத் தன் ஆழத்தைத் தேர்கிறார்.

காற்றை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த கேள்வி. இக்கலையின் நுட்பம் எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கிறது. மூச்சு வாங்க வாயில் கவ்வும் ரெகுலேட்டரின் பர்ஜ் பொத்தானை அழுத்திச் சிலிண்டர் காற்றை நேரே மிதவைக்குள் விடுவது ஒரு வழி. வேகமானது, ஆனால் நுரையீரல் நிறைந்திருக்க, கையிலும் 4 லிட்டர் சேர்ந்துவிடுகிறது. கடல்நீரில் அது ஏறக்குறைய 4 கிலோ தூக்குவிசை. விடுவதற்கு இரண்டு நொடி தாமதித்தால் மிதவையோடு ஆளும் கிளம்பிவிடுவார். குளிர்ந்த கடல்களில், நீண்ட நேரம் அழுத்தினால் ரெகுலேட்டருக்குள் பனி உறைந்து காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. இன்னொரு வழி, தன் மூச்சையே ஊதுவது. அப்போது காற்று நெஞ்சிலிருந்து கைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நெஞ்சு சுருங்கிய அளவுக்கே மிதவை பருக்கிறது. உடலும் மிதவையும் சேர்ந்து விலக்கும் நீரின் அளவு மாறாததால் ஆள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கையை விட்டதும் அந்த 4 லிட்டர் போய்விடும், உடல் கனக்கும்; அதே கணத்தில் அடுத்த மூச்சை உள்ளே இழுத்தால் இழந்த மிதப்பு திரும்பிவிடும். ஊதுதல், விடுதல், இழுத்தல் என்ற மூன்றும் ஒரே மூச்சின் ஓட்டமாக நடந்தால், பக்கத்தில் மிதக்கும் துணைவரின் கண்மட்டம் இவரைவிட்டு விலகுவதே இல்லை. கணக்கு உடலுக்குள் இறங்கிவிட்ட இந்த நிலையை வேறு எந்தக் கைத்தொழிலில் கண்டாலும் நாம் கலை என்றுதான் சொல்வோம்.

மிதவை கிளம்பியபின் எல்லாம் விரல்களின் வேலை. நூல் சுற்றிய ஸ்பூலின் நடுத்துளையில் விரலை நுழைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தொட்டும் தொடாமலும் வைத்திருக்க வேண்டும். அழுத்தினால் நூல் நின்று ஆளை இழுக்கும். முழுதும் விட்டுவிட்டால் ஸ்பூல் கட்டற்றுச் சுழன்று நூலைக் கக்கிச் சிக்கலாக்கும். கைப்பிடியும் தடுப்பும் உள்ள ரீலை விரும்புகிறவர்கள் உண்டு. சுற்றுவதற்கு அது வசதி. ஆனால் குகை முக்குளிப்பிலிருந்து வந்த எளிய ஸ்பூலில் இறுகிக்கொள்ள உறுப்பே இல்லை. மிதவை மேற்பரப்பைத் தொட்டதைக் கண் காண்பதில்லை. ஓட்டம் நின்று நூல் தொய்வதை விரல் உணர்கிறது. உடனே தொய்வைச் சுற்றி எடுத்து லேசான இறுக்கத்தைத் தந்தால்தான் மேலே குழல் நிமிர்ந்து நிற்கும். அது படுத்துக் கிடந்தால் கீழே நூல் தளர்ந்திருக்கிறது என்று படகோட்டி அறிந்துகொள்வார்.

இது வெறும் பாதுகாப்பு நடைமுறைதானே, மிதவை மேலே போனால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தடுமாறி அனுப்பிய மிதவையும் தேர்ந்தவர் அனுப்பிய மிதவையும் படகிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் தடுமாறியவர் மூன்று மீட்டர் ஏறி மூன்று மீட்டர் இறங்கியிருப்பார். கரைந்த நைட்ரஜனை நிதானமாக வெளியேற்ற வேண்டிய உடலுக்கு அந்த ஊசலாட்டம் நல்லதல்ல. மேலும், மிதவையோடு போராடுகிறவர் காற்றழுத்த மானியையும் துணைவரையும் பார்ப்பதில்லை. அசைவின்மை என்பது அவருடைய கவனத்தில் மிச்சம் இருக்கிறது என்பதற்கான சான்று. இங்கே அழகும் பாதுகாப்பும் ஒரே தேர்ச்சியின் இரண்டு பெயர்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கீழிருந்து மிதவை விடுவதே ஆபத்து, நூல் சிக்கினால் ஆளை மேலே இழுத்துப் போகும், மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக எழுந்தால் நுரையீரல் கிழியும். எனவே மேலே வந்தபின் மிதவையை ஊதலாம், அல்லது இருக்குமிடத்தை அறிவிக்கும் மின்னணுக் கருவியை வைத்துக்கொள்ளலாம் என்பது அது. ஆபத்து உண்மைதான். அதனால்தான் ஸ்பூலை உடலோடு மாட்டக் கூடாது, இழுத்தால் கையைத் திறந்து விட்டுவிட வேண்டும் என்பது முதல் பாடமாகிறது. ஆழம் குறைந்த நீரில், இந்த விடுதல் கைக்குப் பழகும்வரை திரும்பத் திரும்பப் பயில வேண்டும். மின்னணுக் கருவியும் பயனுள்ளதே. ஆனால் வானொலி அலை கடல்நீரை ஊடுருவாததால் மேலே வந்த பிறகுதான் அது பேசும். அடையாளம் தேவைப்படும் நேரமோ அதற்கு முந்தியது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது நீரோட்டம் ஆளை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. மேலே படகுகளின் உந்துவிசிறிகள் சுழல்கின்றன. அந்த நேரம் முழுவதும் கீழே இருப்பவருக்காகப் பேசுவது மிதவை ஒன்றுதான்.

அந்தக் கடைசி ஏற்றத்திலும் கீழ்முனை தன் ஒழுக்கத்தைக் காக்கிறது. தேர்ந்தவர் நூலைப் பிடித்து ஏறுவதில்லை. தன் மிதப்பாலேயே ஏறி, ஏறிய அளவுக்கு மட்டும் நூலைச் சுற்றுகிறார். சுற்று ஒவ்வொன்றும் சீராக அடுத்ததன் மேல் படிகிறது. படகோட்டி ஒவ்வொரு மிதவையாக எண்ணி, மேலே எழுதியிருக்கும் பெயரைப் படித்து, யார் யார் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். முத்துக்குளிப்பவரின் கயிற்றைப் பிடித்திருந்தவர் செய்த அதே காவல்தான் இது. கயிற்றை அனுப்பியவர் கீழே இருப்பவர் என்பது மட்டுமே வேறுபாடு. ஆரஞ்சுக் குழல் அலையில் ஆடினாலும் சாயாமல் நிற்கிறதென்றால், அதை நிறுத்தி வைத்திருப்பது, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஒருவர் இரண்டு விரலில் அளவோடு பிடித்திருக்கும் நூல்.