மலையில் பள்ளி, அடிவாரத்தில் பயிற்சி

ஆசிரியப் பயிற்சி முடித்த யாரைக் கேட்டாலும் கல்வி உளவியல் தாளில் என்ன படித்தோம் என்பது பாதி மறந்திருக்கும். பின்பெஞ்சில் விரிவுரையாளர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, கையில் பாடக்குறிப்போடு கரும்பலகை முன்னால் நின்று நடத்திய முதல் பாடம் மட்டும் மறக்காது. ஒரு பயிற்சிப் பள்ளி எப்படிப்பட்டது என்று அறிய அதன் மாதிரிப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்தாலே போதும். பெண்களுக்கு அந்தக் கரும்பலகை கிடைத்த வரலாற்றில் பழனி மலைக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் ஓர் இடம் உண்டு. கோடை வாசஸ்தலம் என்ற பெயர் அதை மறைத்துவிட்டது.

நம் திண்ணைப் பள்ளிகளில் பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. சட்டாம்பிள்ளையாக இருந்து சிறு பிள்ளைகளை மேய்த்தவனே பிற்பாடு வாத்தியார் ஆனான். சென்னை ஆண்கள் அனாதை விடுதிக்கு 1789இல் மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அதைப் பற்றி 1797இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு வழங்கிய பெயரே ‘மெட்ராஸ் முறை’தான். ஆனால் அந்த மணலில் விரல் வைத்தவர்களில் பெண் குழந்தைகள் மிகமிக அரிது. பின்னால் இங்கே பெண்கள் பள்ளி வைத்த மிஷனரிகளின் நாடான அமெரிக்காவிலும் பயிற்சிப் பள்ளி பழைய சங்கதி இல்லை. அங்கே அரசு நடத்திய முதல் ‘நார்மல் ஸ்கூல்’ மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டனில் 1839இல்தான் திறந்தது. முதல் நாள் வந்து சேர்ந்தவர்கள் மூன்றே பெண்கள்.

தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பள்ளி தொடங்கினார். 1840இல் அங்கே வந்து சேர்ந்த எலைசா ஆக்னியூ ஏறக்குறைய நாற்பதாண்டுகள் பள்ளியை நடத்தினார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தாய்க்குப் பாடம் சொல்லி, மகளுக்கும் சொல்லி, பேத்திக்கும் சொன்னவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். உடுவிலில் படித்து வெளியேறியவர்கள் பலர் ஊர்ப் பள்ளிகளில் கற்பித்தார்கள், அல்லது ஆசிரியர்களுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். பயிற்சிச் சான்றிதழ் என்று எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் ஆக்னியூவின் வகுப்பறையில் வளர்ந்தவள் என்பதே சான்றிதழ்.

அதே மிஷன் 1834இல் கடல் தாண்டி மதுரைக்கு வந்தது. மதுரையில் அது வளர்த்த கேப்ரன் ஹால் பெண்கள் பள்ளியோடு பயிற்சிப் பிரிவும் சேர்ந்து வளர்ந்தது. மிஷனைச் சேர்ந்த ஈவா ஸ்விஃப்ட் 1892இல் தனியாக ஒரு பள்ளி வைத்து, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தறிவிக்கும் ‘பைபிள் ஸ்திரீ’களைத் தயார் செய்தார். மதம் பரப்புவதுதான் அவர்களின் முதல் வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வாசல் தாண்டாத பெண்ணைத் தேடி எழுத்து உள்ளே போனது அவர்கள் வழியாகத்தான்.

மதுரையின் வெயிலும் கொள்ளை நோயும் தாங்காமல் 1845இல் இந்த மிஷனரிகள் மலையேறிக் கட்டிய ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு பங்களாக்களிலிருந்துதான் கொடைக்கானல் என்ற நகரமே தொடங்குகிறது. 1901இல் மார்கரெட் எடி என்ற அமெரிக்க அம்மையார் 13 பிள்ளைகளோடு ‘ஹைகிளர்க்’ பள்ளியைத் தொடங்கினார். இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி அதுவே. அப்போது மோட்டார் சாலை இல்லை. பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏற வேண்டும். அந்தப் பள்ளி மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. தமிழ்ப் பெண் ஆசிரியையாக வேண்டுமானால் மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ போக வேண்டும். மேலே பள்ளி, கீழே பயிற்சி என்ற இந்தப் பிரிவினை மலையை வெகுகாலம் விடவில்லை.

கத்தோலிக்கக் கன்னியர் மரபு வேறு. அயர்லாந்தின் கார்க் நகரில் நானோ நேகிள் 1775இல் நிறுவிய பிரசன்டேஷன் சபையினர் 1842இல் சென்னை வந்தார்கள். 1916இல் கொடைக்கானலில் கான்வென்ட் வைத்தார்கள். இளம் கன்னியர் மூத்த கன்னியரின் வகுப்பில் இருந்தே தொழில் கற்றார்கள். ஒழுங்கும் உச்சரிப்பும் கையெழுத்தும்தான் அங்கே அளவுகோல்.

அரசாங்கம் தாமதமாகத்தான் விழித்தது. 1854இன் உட் அறிக்கை ஆசிரியப் பயிற்சியையும் பெண் கல்வியையும் வலியுறுத்தியது. 1866இல் இந்தியா வந்த ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி மேரி கார்ப்பென்டர், ஆசிரியைகளை உருவாக்காமல் பெண்கள் பள்ளி நிலைக்காது என்று அதிகாரிகளிடம் மன்றாடினார். ஆனால் ஆசிரியையாக வரக்கூடிய பெண் யார்? பல பெண்களுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் முடிந்துவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் சகோதரி சுப்பலட்சுமி. தாமே இளம் விதவையான அவர் 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளில் ஒருவர். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் விதவைகளுக்கு விடுதி நடத்தி, அவர்களை ஆசிரியைகளாக்கினார். சமூகம் மூலையில் உட்கார வைத்த பெண்ணைப் பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார வைத்த சாமர்த்தியம் அது. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்றிருந்தது ஒரு குறை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1922இல் அவர் முதல்வராகப் பொறுப்பேற்ற லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியில் கதவு அகலத் திறந்தது. பட்டதாரிகளுக்கும் கீழ்வகுப்பு ஆசிரியைகளுக்கும் தனித்தனிப் பயிற்சி, ஒரே வளாகத்தில் மாதிரிப் பள்ளி என்று அதன் அமைப்பு இருந்தது.

இதற்கிடையில் கொடைக்கானலுக்குச் சற்றும் எதிர்பாராத ஒரு விருந்தாளி வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் ருக்மிணி தேவியும் ஜார்ஜ் அருண்டேலும் அழைக்க, 1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி மகன் மரியோவோடு சென்னையில் இறங்கினார். அடையாறு தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு முந்நூறு பேர் திரண்டார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை ஊருக்கு வளர்ப்பு மகனாகவே அறிமுகமாகியிருந்த அவரை, ஆகஸ்ட் 31 அன்று, அந்த அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளில் வைஸ்ராய் விடுவித்தார். பிறந்தநாள் பரிசாக மகனையே கொடுத்தார்கள்.

நாட்டை விட்டுப் போக முடியாத மாண்டிசோரி 1942 முதல் சுமார் இரண்டாண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். ரோமில் 1907இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லம் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கானது. இங்கே சிறு குழந்தைகளோடு பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளும் ஒன்றாகக் கற்கும் சிறிய பள்ளி அமைந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அதில் உடன் உழைத்தார். மலையில் இலைக்கும் பூவுக்கும் பஞ்சமா? செடி கொடி, மண், நீர் என்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளைப் பின்தொடர்ந்து, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான தாவரவியல், புவியியல் உபகரணங்களைத் தாயும் மகனும் உருவாக்கினார்கள். மேல்நிலைப் பயிற்சி ஒன்றும் அங்கே நடந்தது. பிரபஞ்சம் முழுவதையும் ஒரே கதையாகக் குழந்தை முன் வைக்கும் அவருடைய கல்விக் கொள்கை திடமான வடிவம் பெற்றது இந்த ஊரில்தான்.

அவருடைய அளவுகோல் மற்ற எல்லா மரபையும் புரட்டிப் போட்டது. பயிற்சிக்கு வந்தவர் முதலில் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து குழந்தையைக் கவனிக்க வேண்டும். எப்போது உதவக் கூடாது என்று தெரிந்தவரே தேறினார். இன்று தெருவுக்கு ஒரு ‘மாண்டிசோரி’ பலகை தொங்குகிறது. உள்ளே அந்தப் பொறுமையைத் தேடினால் சில இடங்களில்தான் கிடைக்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழகம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாயில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் அதன் சாயல் ஓரளவு தெரிந்தது.

திண்டுக்கல் பக்கம் இன்னொரு மரபு முளைத்தது. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், இளமையில் கணவரை இழந்து, டில்லியில் மருத்துவம் படித்தவர். கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தென்னகப் பணிக்குக் காந்தி தேர்ந்தெடுத்தது அவரைத்தான். 1947இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் எழுந்தது. கிராம சேவிகைகளும், காந்தி வகுத்த ஆதாரக் கல்விக்கான ஆசிரியர்களும் அங்கே பயிற்சி பெற்றார்கள். நூற்பும் தோட்டமும் துப்புரவும் பாடத்தின் பகுதி. பயிற்சி பெறுபவரே கழிப்பறை கழுவ வேண்டும் என்ற விதி, மதிப்பெண்ணை விடக் கடினமான தேர்வாக இருந்தது. இந்தக் கல்வியை நாடெங்கும் கொண்டு சென்ற சேவாகிராமத்து ஆரியநாயகமும் யாழ்ப்பாணத்துத் தமிழரே. 1962இல் திண்டுக்கல் தொகுதியில் வென்ற சௌந்தரம் மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். ஆனால் பெற்றோர் தங்கள் பிள்ளை நூல் நூற்பதை விட இங்கிலீஷ் படிப்பதையே விரும்பினார்கள். ஆதாரப் பள்ளிகள் நாடெங்கும் மங்கிப்போயின.

1984இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைக் கொடைக்கானலில் நிறுவியது. முதல் துணைவேந்தர் ஜெயகோதை பிள்ளை, பண்டைத் தமிழரின் கல்வி முறையை ஆய்ந்து நூல் எழுதியவர். மலைமேல் பெண்களுக்கென உயர்கல்வி வந்துவிட்டது, அதுவும் அரசுச் செலவில். ஹைகிளர்க்கின் 13 பிள்ளைகளிலிருந்து இந்தப் பல்கலைக்கழகம் வரை எண்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. என்றாலும் திண்டுக்கல் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான அரசுப் பயிற்சி நிறுவனம் இருப்பது மலைக்குக் கீழே, ஒட்டன்சத்திரத்தில்.