ஐந்து மீட்டரில் நிற்கத் தெரிந்தவர்

ஸ்கூபா டைவிங்கில் கைதேர்ந்த ஒருவரை அடையாளம் காண அதிக ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. டைவ் முடிந்து மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவது வழக்கம். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்கான நிறுத்தம் அது. ‘சேஃப்டி ஸ்டாப்’ என்பார்கள். அந்த மூன்று நிமிடம் அவரைப் பாருங்கள். பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லை, காலுக்குக் கீழே தரை இல்லை. கைகளை முன்னால் கோத்து, முழங்காலை மடக்கி, தரைக்கு இணையாகக் கிடப்பார். மூச்சை இழுக்கும்போது ஒரு சாண் எழுவார், விடும்போது அதே ஒரு சாண் இறங்குவார். வேறு அசைவே இராது. இந்தக் கலையில் எனக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது.

பக்கத்தில் புதிதாகக் கற்றவர் ஒருவர் இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவர் கைகள் தண்ணீரைத் துழாவிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் இறங்குகிறோம் என்று தோன்றியதும் மிதவை ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவார். ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். இரண்டு மூன்று விநாடி கழித்து, ஏற்றிய காற்றெல்லாம் சேர்ந்து அவரை மேலே தூக்கும். பதறிப்போய் மொத்தக் காற்றையும் வெளியேற்றுவார். ஏழு மீட்டருக்குப் போய்விடுவார். தண்ணீர் எதற்கும் உடனே பதில் சொல்வதில்லை. அந்தத் தாமதம் அவர் உடம்புக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். பயிற்றுநர் அதை விளக்கலாம். பழகிக்கொள்ள வேண்டியது அவரவர் உடம்பு.

ஐந்து மீட்டரில் நிற்பது ஏன் கடினம்? கடல்மட்டத்தில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 30 மீட்டரிலிருந்து 20-க்கு ஏறினால் அழுத்தம் 4-லிருந்து 3 ஆகிறது. ஜாக்கெட்டில் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். அதே 10 மீட்டரை மேல்தண்ணீரில் ஏறினால் காற்று இரட்டிப்பாகிவிடும். கடைசி ஐந்து மீட்டரில் மட்டுமே ஒன்றரை மடங்கு. 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான் இது. போதாததற்கு சிலிண்டரும் சதி செய்கிறது. 11 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் உள்ளே 2200 லிட்டர் காற்று, எடை இரண்டரை கிலோவுக்கு மேல். 50 பார் மிச்சம் வைத்துத் திரும்பும்போது சுமார் இரண்டு கிலோ குறைந்திருக்கும். உடம்பை நிறுத்துவது மிகவும் கடினமாகும் இடத்துக்கு நாம் வந்து சேர்வது, நம் எடை மிகக் குறைந்திருக்கும் நேரத்தில்.

மிதவைக் கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை, ஆழம் சுலபம், மேல்தண்ணீர்தான் கஷ்டம். ஆனால் பயிற்சி நிறுவனங்கள் தரும் கார்டுகளில் எழுதியிருப்பது ஆழம். ஓப்பன் வாட்டர் என்றால் 18 மீட்டர். அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் என்றால் 30. ஆழத்துக்கென்று தனிப்பயிற்சி எடுத்தால் 40. புதியவர் இந்த எண்களைத்தான் முதலில் கேட்கிறார், இவற்றைத்தான் ஏணிப்படியாக நினைக்கிறார். எவ்வளவு வேகமாக அடுத்த கார்டு வாங்கலாம் என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

விதிமுறை அனுமதிக்கும் வேகம் மிக அதிகம். ‘பாடி’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஓப்பன் வாட்டர் படிப்பில் கடலில் நான்கு டைவ். நீந்தாமல், துழாவாமல் அரை நிமிடம் மிதந்து காட்டினால் போதும். அட்வான்ஸ்டுக்கு இன்னும் ஐந்து; அதில் ஆழ டைவும் திசை அறியும் டைவும் கட்டாயம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும் என்று விதி இல்லை. ஒரே வாரத்தில், பத்து டைவ் கூட முடிக்காத ஒருவர் 30 மீட்டரில் இருக்கலாம்.

இந்தப் படிமுறையைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943-ல் ‘அக்வாலங்’ சுவாசக் கருவியை உருவாக்கிய பிறகு, இந்தக் கலை முதலில் கடற்படையினரிடமும் சங்கங்களிடமும்தான் இருந்தது. 1953-ல் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பில் மூத்த உறுப்பினர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குளிர்ந்த, கலங்கிய தண்ணீரில் பழகிப் பழகி மேலே வர வேண்டியிருந்தது. 1966-ல் ‘பாடி’ தொடங்கியபின், பயிற்சியைச் சிறுசிறு படிகளாகப் பிரிக்கும் முறை உலகெங்கும் பரவியது. ஐ.டி. ஊழியரும் இல்லத்தரசியும் பத்து வயதுப் பிள்ளையும் பவளப்பாறையைப் பார்க்க முடிகிறது என்றால் அந்தப் படிகள்தான் காரணம். படி சிறியது என்பதில் குறையில்லை. ஒரு படியில் நிற்காமலே அடுத்ததில் கால் வைப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

நிற்பதால் என்ன கிடைக்கும்? ஈயத்திலிருந்து தொடங்கலாம். புதியவர் பலர் தேவைக்கு மேல் இரண்டு மூன்று கிலோ ஈயக்கட்டிகளை இடுப்பில் கட்டியிருப்பார்கள். முதல் நாள் இறங்க முடியாமல் தவித்தபோது யாரோ சேர்த்தது, அப்படியே தங்கிவிட்டிருக்கும். கூடுதல் ஈயத்தைச் சமாளிக்க ஜாக்கெட்டில் கூடுதல் காற்று. காற்று மார்பை மேலே தூக்கும், ஈயம் இடுப்பைக் கீழே இழுக்கும். உடம்பு சாய்ந்துவிடும். சாய்ந்த உடம்பில் காலை உதைத்தால் முன்னே போவதோடு மேலேயும் போவோம். அதை ஈடுகட்டக் காற்றைக் குறைப்போம். இப்போது உதைப்பதை நிறுத்தினால் மூழ்குவோம். ஆகவே நிறுத்துவதே இல்லை. மூச்சு வாங்கும். பின்னால் மணல் புகையாகக் கிளம்பும். காலில் மாட்டிய ஃபின் ஒரு பவளத்தில் இடிக்கும். இத்தனைக்கும் காரணம் இரண்டு கிலோ ஈயம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, நீந்துவதை நிறுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. அதைச் செய்துபார்க்கத் தேவையானது ஆழமில்லாத தண்ணீரும் அவசரமில்லாத டைவும். கர்நாடக இசையில் விளம்ப காலத்தில் பாடும்போதுதான் சுருதி விலகல் காதில் விழும் என்பார்களே, தண்ணீரிலும் அப்படித்தான். ஓட்டத்தில் மறைந்திருந்த பிழையெல்லாம் நின்றால் தெரிந்துவிடும்.

மூச்சின் கணக்கும் இங்கேதான் மாறும். பதற்றமாக இருப்பவர் மேல்மட்டக் கணக்கில் நிமிடத்துக்கு 25 லிட்டர் காற்று இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அது 70 லிட்டர். 50 பாரை ஒதுக்கிவிட்டால் அந்த 11 லிட்டர் சிலிண்டர் அங்கே அவருக்கு 23 நிமிடம் வரும். 30 மீட்டரில் 100 லிட்டர், பதினாறு நிமிடம்தான். அதே சிலிண்டரில் நிமிடத்துக்கு 14 லிட்டர் இழுப்பவர் 18 மீட்டரில் 40 நிமிடத்துக்கு மேல் இருப்பார். நுரையீரல் பெரிதாகிவிட்டதால் வருவதில்லை இந்த மாற்றம். கை துழாவுவது நின்று, ஈயம் குறைந்து, உடம்பு படுக்கையாகக் கிடக்கப் பழகியபின் தானாக வருவது. 30 மீட்டரை நெருங்கினால் நைட்ரஜன் புத்தியையும் மந்தமாக்கத் தொடங்கும். வேகமாகத் தீரும் சிலிண்டரை மந்தமான புத்தியோடு கண்காணிக்கும் நிலைமைக்குப் பத்தாவது டைவில் யாரும் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

அப்படியென்றால் அட்வான்ஸ்டைத் தள்ளிப்போட வேண்டுமா? கட்டாயம் இல்லை. முதல் கார்டு வாங்கியதும் சுற்றுலாக் கூட்டத்தோடு ஒரு கைடின் பின்னால் போகிறவரை யாரும் திருத்த மாட்டார்கள், பிழைகள் இறுகிப்போகும். அட்வான்ஸ்டில் ஐந்து டைவுக்கும் பயிற்றுநரின் கண் உங்கள்மேல் இருக்கும். அதற்காகவே சேரலாம். நீங்களே தேர்ந்தெடுக்கக்கூடிய மூன்று டைவில் ஒன்றாக மிதவைக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையில் 30 மீட்டர் கார்டு இருந்தாலும், அடுத்த சில மாதங்களுக்கு 18-ஐத் தாண்டாதீர்கள்.

ஃபுளோரிடாவின் குகை டைவர்கள் இந்த அடிப்படைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. குகைத் தரையில் படிந்த வண்டலை ஒரு ஃபின் கலக்கிவிட்டால் வெளியேறும் வழியே தெரியாமல் போகும். ஆகவே முழங்காலை மடக்கித் தவளைபோல் உதைப்பதும், உடம்பைக் கிடைமட்டமாக வைப்பதும் அங்கே உயிர்ப் பிரச்சினை. அந்த மரபிலிருந்து வந்த ஜாரட் ஜப்லான்ஸ்கி 1998-ல் தொடங்கிய ஜி.யு.இ. அமைப்பின் புகழ்பெற்ற படிப்பின் பெயரே ‘ஃபண்டமென்டல்ஸ்’. ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்கள், மற்ற நிறுவனங்களின் பயிற்றுநர்கள்கூட, ஆழமில்லாத தண்ணீரில் மறுபடி நிற்கக் கற்றுக்கொள்ள அதில் சேர்கிறார்கள்.

மேற்படிப்புகளில் ரெஸ்க்யூ டைவரை மட்டும் நான் ரொம்பத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன். தன் உடம்பைக் கவனிக்கும் வேலை குறைந்து, பக்கத்திலிருப்பவரின் குமிழிகள் வேகமாக வருவதைக் கவனிக்கும் அளவுக்கு மனம் ஓய்வானதும் அதை எடுத்துவிடலாம். டைவ் மாஸ்டர், பயிற்றுநர் விஷயம் வேறு. 40 டைவ் இருந்தால் டைவ் மாஸ்டர் படிப்பில் சேரலாம், 60-ல் முடிக்கலாம். முதல் கார்டு வாங்கி ஆறு மாதமும் 100 டைவும் இருந்தால் பயிற்றுநர் தேர்வு எழுதலாம். தாய்லாந்தின் கோ தாவ் போன்ற தீவுகளில் இதை ஒரே மூச்சில் முடிக்கும் திட்டங்கள் உண்டு. ஒரே வெதுவெதுப்பான விரிகுடாவில் ஆறு மாதம் இறங்கிய அனுபவம் பிறருக்குக் கற்பிக்கப் போதாது என்று உறுதியாகச் சொல்வேன். அந்த அனுபவம் மட்டுமே உள்ளவர் மாணவர்களை மணலில் மண்டியிட வைத்தே மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றச் சொல்லித் தருவார். மிதந்தபடி அதைச் செய்துகாட்டும் பயிற்றுநரிடம் கற்ற பிள்ளைகள் நான்காவது டைவிலேயே வேறு மாதிரி இருப்பார்கள்.

அந்தமானுக்குப் போகும் நம்மவர்களுக்கு இந்த அவசரம் ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஹாவ்லாக்கில் – இப்போது சுவராஜ் தீவு – பெயர்பெற்ற டிக்ஸன்ஸ் பினக்கிளின் உச்சியே ஏறத்தாழ 18 மீட்டரில்தான் தொடங்குகிறது. அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வராது. ஐந்து நாள் விடுமுறைக்குள் இரண்டு படிப்பையும் திணிக்கிறார்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் விட வேண்டும் என்பதால் அந்த ஐந்திலும் ஒரு நாள் போய்விடுகிறது. டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு நாள் கூட்டி எடுங்கள். அந்த இரண்டு நாளும் எந்தப் படிப்பிலும் சேராமல், ஆழமில்லாத நீமோ ரீஃபிலேயே மறுபடி மறுபடி இறங்குங்கள். தீரப்போகும் சிலிண்டரோடு ஈயத்தைச் சரிபார்த்து ஒவ்வொரு கிலோவாகக் குறைத்துத் தரும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். டிக்ஸன்ஸ் பினக்கிளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.