'சந்திரகாந்தா': வியப்பும் வேடமும்

முன்னுரை

இந்தி மொழியில் உரைநடைப் புனைகதை வேரூன்றிய வரலாற்றை ஆராய்வார் எவரும், தேவகிநந்தன் கத்ரி (1861–1913) இயற்றிய 'சந்திரகாந்தா' என்னும் நூலைக் கடந்து செல்லுதல் இயலாது. 1888ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய அந்நூல் காதலும் வீரச்செயலும் விந்தையும் விரவிய நெடுங்கதை. அதனைப் படிக்க விரும்பியே பலர் இந்தி எழுத்துக் கற்றனர் என்பது இன்றும் வழங்கும் செய்தி. 1994ஆம் ஆண்டில் அது தொலைக்காட்சித் தொடராகவும் வடிவெடுத்தது.

எனினும், திறனாய்வாளர் அதனை மதித்த முறை வேறு. இந்தி இலக்கிய வரலாறு எழுதிய இராமசந்திர சுக்கிலர், கத்ரி உண்டாக்கிய அளவு வாசகரை வேறெவரும் உண்டாக்கவில்லை என ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அவரே, அவருடைய கதைகள் நிகழ்ச்சி விந்தையை மட்டும் நோக்கமாக உடையன என்றும், சுவையும் பண்போவியமும் அவற்றில் இன்மையின் இலக்கிய வரிசையில் இடம்பெறா என்றும் முடிவு கூறினார்.

இம்முடிவு முற்றும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது. பல்லாயிரவர் விரும்பிய ஒரு நூலில் அவ்விருப்பத்திற்குரிய காரணம் நூலுள்ளேயே இருத்தல் வேண்டும். அதனைக் காணாது விலக்குதல் திறனாய்வு ஆகாது. விரும்பினார் பலர் என்பது கொண்டே போற்றுதலும் திறனாய்வு ஆகாது. 'சந்திரகாந்தா'வின் நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதே யாம் இக்கட்டுரையில் நிறுவ முயல்வது.

கதைப்போக்கு

நௌகட் அரசிளங்குமரன் வீரேந்திரசிங்கும் விசயகட் அரசிளங்குமரி சந்திரகாந்தாவும் ஒருவரையொருவர் காதலிக்கின்றனர். விசயகட் அமைச்சன் மகன் குரூர்சிங் அவளை அடைய விரும்புகிறான். விருப்பம் கைகூடாமையால் சுநார்கட் அரசன் சிவதத்தனைச் சார்ந்து அவன் மனத்திலும் ஆசையை மூட்டுகிறான். இப்பூசலை நடத்துவோர் படைவீரரினும் மிகுதியாக 'ஐயார்' எனப்படும் ஒற்றர்களே. சந்திரகாந்தா பகைவர் கையில் அகப்பட்டு, அதன்பின் 'திலிசும்' என்னும் மறைபொறிக் கோட்டையுள் சிக்குகிறாள். அதனை உடைத்து அவளை மீட்பதே பிற்பகுதிக் கதை. நான்கு பாகங்களும் சிறுசிறு இயல்களாக வகுக்கப்பட்டுள்ளன. இயலுக்கு ஆசிரியர் இட்ட பெயர் 'பயான்' என்பது. கேட்போர்முன் கதை சொல்லும் மரபின் சாயல் அப்பெயரிலேயே புலனாகும்.

நிறைகள்

முதலாவதாகக் கருதற்குரியது, வியப்பை ஆசிரியர் ஆளும் முறை. தொல்காப்பியர் மருட்கை என்னும் மெய்ப்பாட்டிற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். ஒன்று மற்றொன்றாய்த் திரிதலே ஆக்கம் என உரைகாரர் விளக்குவர். 'சந்திரகாந்தா' பெரும்பாலும் இந்நான்காவதன்மேல் எழுந்த நூல் எனலாம்.

உருதுமொழியில் வழங்கிய 'தாஸ்தான்' என்னும் பெருங்கதைகளிலும் ஐயாரும் திலிசுமும் உண்டு. ஆயின், ஆண்டுத் திலிசும் மந்திரவாதியின் மாயப் படைப்பு. கத்ரி பெயரை ஏற்றுப் பொருளை மாற்றினார். இவர் காட்டும் திலிசும் முன்னோர் தம் செல்வத்தைக் காத்தற்பொருட்டுக் கட்டிய கட்டடம். பொறியும் சூழ்ச்சியும் அதனை இயக்குகின்றன. இடிபாடுகளிடையே நிற்கும் கல்நாரை வாய்திறந்து ஆளை விழுங்குகிறது, படிப்போன் திடுக்கிடுகிறான், பின்னர் அது பொறியின் செயலே என அறிந்து மீண்டும் ஒருமுறை மகிழ்கிறான். அஞ்சுதற்கு ஒன்றும் அறிதற்கு ஒன்றுமாக ஒரே பொருள் இருமுறை பயன்படுகிறது. மாயத்தை விலக்கியும் மருட்கையை விலக்காமை இவர் ஆற்றல் என்க.

இரண்டாவது, ஐயாரின் படைப்பு. மாற்றுருக் கொள்ளல், விரைந்தோடல், மருந்தறிவு, இசையறிவு, ஒற்றாடல் ஆகிய பல கலைகளும் வல்லவர் அவர். மயக்கப்பொடியும் மயக்கந் தெளிவிக்கும் மருந்தும் கயிறும் பையுமே அவர்தம் கருவிகள். அரசரிடையே பூசல் நேருங்கால், குருதி சிந்தாமலே அறிவினால் அதனை முடித்தவர் என ஆசிரியர் முன்னுரையில் அவரைப் பாராட்டுகிறார். ஐயாருக்கு ஐயார் இழைக்கும் தீங்கு பெரும்பாலும் சிறையளவில் நின்றுவிடுகிறது. ஆகவே, இக்கதையில் வெற்றி என்பது பகைவனைக் கொல்லுதல் அன்று, அவனினும் நுண்ணியனாதல். வீரேந்திரனின் தோழன் தேஜசிங் இத்திறத்திற்குச் சான்று. சந்திரகாந்தாவின் தோழி சபலாவும் ஐயாரியில் அவனுக்குக் குறைந்தவள் அல்லள். 1888இல் எழுந்த ஒரு கதையில், தலைவியை மீட்கும் தொழிலில் ஒரு பெண் தன் அறிவும் துணிவும் கொண்டு ஈடுபடுதல் சிறப்பாகக் குறிக்கத்தக்கது.

மூன்றாவது, நிலமும் மொழியும். காசி அரசரின் ஆட்சிக்குட்பட்ட சகியா, நௌகட் காடுகளில் குத்தகைத் தொழில் நடத்தியவர் கத்ரி. விந்தியச் சாரலின் குகைகளையும் ஓடைகளையும் பாழ்பட்ட கோட்டைகளையும் நேரிற் கண்டவர். அதனால் நம்பற்கரிய நிகழ்ச்சியும் நம்பத்தக்க நிலத்தின்மீது நிகழ்கிறது. நடையோ, வடசொல்லும் பாரசீகச் சொல்லும் பேச்சுவழக்கில் எவ்வாறு கலந்திருந்தனவோ அவ்வாறே கலந்த எளிய நடை. எழுத்துக் கூட்டிப் படிப்போனும் இடர்ப்படாது செல்ல இயன்றமைக்கு இதுவே காரணம்.

குறைகள்

இனிக் குறைகளை நோக்குவோம். ஏற்ற இறக்கமின்றி ஒரே வகைச் சூழ்ச்சி மீண்டும் மீண்டும் வருதல் முதற்குறை. மயக்கப்பொடி, மூட்டை கட்டித் தூக்கிச் செல்லுதல், மாற்றுரு, விடுதலை என்னும் வட்டம் பலமுறை சுழல்கிறது. குரூர்சிங் என்னும் பெயரே கொடியோன் எனப் பொருள்படும். பெயரளவில் முடிந்த பண்பு கதை முடிவுவரை வளர்வதும் இல்லை, திரிவதும் இல்லை. இவை எளிதிற் காணப்படும் குறைகளாதலின் விரித்தல் வேண்டா.

ஆழ்ந்த குறை ஒன்று உண்டு. சந்திரகாந்தாவை மீட்க வீரேந்திரன் முயலும் காலத்தே 'வனகன்னி' என்பாள் ஒருத்தி தோன்றுகிறாள். அவனுக்கு உதவுகிறாள். அவன் மனம் அவள்பாற் சாய்கிறது. சாய்தலை உணர்ந்து துன்புறுகிறது. நூல் முழுவதிலும் வீரேந்திரன் உயிருள்ள மாந்தனாகக் காணப்படும் இடம் இதுவே. திலிசுமைத் திறப்பதற்கு நெறிகாட்டும் ஏடு உண்டு. இம்மனச்சிக்கலைத் திறப்பதற்கு ஏடு இல்லை. படிப்போனும் முதன்முறையாக, 'அடுத்து என்ன நிகழும்?' என்பதை விடுத்து, 'இவன் என் செய்வான்?' என வினவுகிறான்.

ஆயின், ஆசிரியர் அவ்வினாவிற்கு விடை கூறவில்லை. வனகன்னியே சந்திரகாந்தா என முகமூடியை விலக்கிக் காட்டிவிடுகிறார். அவர்களுக்கு வழிகாட்டிய சித்தநாதரும் தேஜசிங்கின் தந்தை ஜீத்சிங் என வெளிப்படுகிறார். வேடம் கலைகிறது, அதனோடு வினாவும் கலைகிறது. வீரேந்திரன் பிழைத்தானோ பிழைத்திலனோ என ஆராய்தற்கு இடமில்லை. இருவரும் ஒருத்தியேயாதலின் பிழையே இல்லை என்றாகிறது. காதலிக்கப்பட்டவள் தன் காதலன் பிறள் ஒருத்தியை விரும்புவதைத் தானே பிறளாக நின்று கண்டாள் அன்றோ? அவள் உள்ளம் அப்போது என்ன பட்டது? மகிழ்ந்ததா, நொந்ததா? இவ்விடம் ஒரு பெருங்காவியத்திற்குரிய கரு. ஆசிரியர் அதனைத் தொடாது மணப்பந்தலுக்கு விரைகிறார்.

நம் பெருங்கதையோடு ஒப்பிட்டால் இவ்வுண்மை தெளிவுறும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என யாம் கூறவில்லை. அமைப்பின் ஒப்புமையே நோக்கத்தக்கது. உதயணன் கதையிலும் பொறியானை உண்டு. மாற்றுருக் கொள்ளும் அமைச்சன் யூகி உண்டு. இறந்தாளெனக் கருதுமாறு மறைக்கப்பட்ட தலைவி வாசவதத்தை உண்டு. அவள் மறைந்திருந்த காலத்தே உதயணன் பதுமாபதியை மணக்கிறான். வாசவதத்தை மீண்டபோது பதுமாபதி மறைந்துவிடுவதில்லை. இருவரும் இருவராகவே நிற்கின்றனர். சூழ்ச்சி வென்றபின்னும் அதன் விலை எஞ்சி நிற்கிறது. 'சந்திரகாந்தா'வில் சூழ்ச்சியே விலையையும் துடைத்துவிடுகிறது. இதுவே இரண்டிற்கும் உள்ள வேற்றுமை.

நிறைகுறைகளின் ஒரே வேர்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நூலின் உயிர்நாடி வேடமே என்பது புலனாகும். எம்முகமும் கழற்றக்கூடிய முகமே என்னும் கொள்கை கதைக்கு விரைவும் வியப்பும் அளித்தது. அக்கொள்கையே, கழற்ற முடியாத முகம் ஒன்று, அஃதாவது மனம், மாந்தர்க்கு உண்டு என்பதை ஆசிரியர் மறக்கவும் செய்தது. ஆகவே, சுக்கிலர் குறை கண்டது சரி. அக்குறை விந்தைக்கதை என்னும் வகைக்கே இயல்பானது எனக் கருதின் அது சரியன்று. வனகன்னிப் பகுதியில் பண்போவியத்திற்குரிய வாயில் திறந்தே இருந்தது. ஆசிரியர் அதனுள் நுழையவில்லை என்பதே உண்மை.

கத்ரி பின்னர் அவ்வாயிலை உணர்ந்தார் எனக் கொள்ள இடமுண்டு. 24 பாகங்களாக நீண்ட 'சந்திரகாந்தா சந்ததி'யில் பூதநாதன் என்னும் ஐயார் வருகிறான். தன் பழைய குற்றங்கள் வெளிப்படுமோ என அஞ்சி வாழ்பவன் அவன். ஈண்டு வேடம் பகைவரை ஏமாற்றும் கருவியாக மட்டும் நில்லாது, தன்னைத் தானே மறைக்கும் திரையும் ஆகிறது. அவன் பெயராலேயே ஆசிரியர் தனி நூலொன்றையும் தொடங்கினார். அவர் மறைவுக்குப்பின் அவர் மகன் துர்காபிரசாத் கத்ரி அதனை முற்றுவித்தார். ஒரு பாத்திரம் தன் கதையின் எல்லையைக் கடந்து தனி நூல் வேண்டி நின்றது எனின், அதன் உயிர்ப்பிற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

'சந்திரகாந்தா' பெரும்புலமை நூல் அன்று. புறக்கணிக்கத்தக்க நூலும் அன்று. மாயத்தைப் பொறியாகவும் போரை அறிவுப் போட்டியாகவும் மாற்றி, எளிய மொழியில் பல்லாயிரவரைப் படிக்கச் செய்தது அதன் நிறை. தான் எழுப்பிய காதற்சிக்கலை வேடங்கலைத்துத் தீர்த்துக்கொண்டது அதன் குறை. விந்தைக்கதைகளை ஆராயப்புகும் மாணவர், 'இது நடக்கக்கூடியதா?' என வினவுதலினும், 'வேடம் கலைந்தபின் இங்கு எவர் எஞ்சுகின்றனர்?' என வினவுதல் நன்று. மதனகாமராசன் கதை முதலாக நம் மொழியிலும் ஆராய்வாரின்றிக் கிடக்கும் விந்தைக்கதைகளுக்கும் அவ்வினா பொருந்தும்.